இரண்டு நிமிட உறுதிமொழி

எங்கள் கலெக்டர் அலுவலகத்தில் உறுதிமொழியைப் படிப்பது என் வேலை. யாரும் எழுதிக் கொடுத்த வேலை இல்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மைக் வேலை செய்யவில்லை. அன்றைய கண்காணிப்பாளர், "இந்தப் பொண்ணுக்குக் குரல் எடுப்பா இருக்கு, இதுவே படிக்கட்டும்" என்றார். அதோடு சரி, இருபத்தெட்டு வருடமாக நான்தான் படிக்கிறேன். தீண்டாமை ஒழிப்பு, கொத்தடிமை ஒழிப்பு, வாக்காளர் தினம், பயங்கரவாத எதிர்ப்பு, தேசிய ஒருமைப்பாடு என்று வருடத்துக்கு ஏழெட்டு வந்துவிடும். வேங்கிக்காலில் எங்கள் கட்டடத்தின் முன்வாசலில் எல்லாரும் வரிசையாக நின்று வலது கையை முன்னால் நீட்டுவார்கள். நான் ஒரு வரி படிப்பேன், அவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். முடிந்ததும் தாளில் கையெழுத்து. வராதவர்களை மதியத்துக்குள் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதும் நானே.

படிக்கிறவள் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறாள். அதனால் மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். யார் கொட்டாவியை அடக்குகிறார், யார் நீட்டிய கையை மெல்ல இறக்குகிறார், யார் உதட்டை மட்டும் அசைக்கிறார், எல்லாம் தெரியும். ஒரு தடவை சுற்றறிக்கையில் 'உளமார' என்பது 'உளமாற' என்று தட்டச்சாகி வந்திருந்தது. மனம் நிறைந்து உறுதி கூற வேண்டியவர்கள் மனம் மாறி உறுதி கூறினோம். படித்த எனக்கே மறுநாள் தாளைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. வாயால் சொல்லும்போது எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதும் உண்மைதான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த நிமிடங்கள் பிடிக்கும். நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் படித்தவள். காலையில் உறுதிமொழி சொல்லும்போது மட்டும்தான் எங்கள் தெருப் பிள்ளைகளும் ஊர்த் தெருப் பிள்ளைகளும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் சொன்னோம். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் அங்கே கதை வேறு. ஆனாலும் சொன்னோம் அல்லவா, அதை அவர்களும் சொன்னார்கள் அல்லவா என்று அந்த வயதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

குடியுரிமை கேட்டு வருகிற வெளிநாட்டவர்களின் கோப்புகளும் என் மேசைக்குத்தான் வரும். ரமணாசிரமப் பகுதியில் எத்தனையோ வெளிநாட்டவர்கள் வருடக்கணக்காக இருக்கிறார்கள். ஆனால் குடிமகனாக வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. விசா வாங்குவார்கள், நீட்டிப்பார்கள், போவார்கள், திரும்ப வருவார்கள். அப்படிக் கேட்டு வந்த சிலரில் ஒருவர்தான் ஜெர்மன்காரம்மா. எங்கள் பிரிவில் எல்லாரும் அவரை அப்படித்தான் சொல்வோம்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பார். கணவர் டவுனில் பூட்டு, தாழ்ப்பாள், ஆணி விற்கிற கடை வைத்திருக்கும் பாய். பல தலைமுறையாக இந்த ஊர்க்காரர். அந்த அம்மா செங்கம் சாலைப் பக்கம் வாடகை அறையில் இருந்தபோது குரங்குத் தொல்லை தாங்காமல் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் வாங்கப் போனதில் தொடங்கிய பழக்கம் என்று பாயே ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னார். "தாழ்ப்பா சரியா மாட்டலன்னு மூணு வாட்டி வந்துச்சு மேடம். மூணாவது வாட்டி நானே போய் மாட்டிக் குடுத்தேன்." அவருடைய முதல் மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. திருமணம் பதிவாகி, வருடக்கணக்காக இங்கேயே வசித்து, போலீஸ் விசாரணை முடிந்து, கோப்பு எல்லாம் சரியாக இருந்தது. பாக்கி இருந்தது ஒன்றுதான். அதிகாரி முன்னால் விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் கோப்பு மேலே நகரும்.

அன்று இருவரும் நல்ல உடை உடுத்தி வந்தார்கள். பாய் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எங்கள் அதிகாரி இளவயதுக்காரர், பொறுமையானவர். தாளை அவரே எடுத்துக் கொடுத்து, "நிதானமா படிங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஜெர்மன்காரம்மா எழுந்து நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். தன் பெயரைச் சொன்னார். உறுதி கூறுகிறேன் என்பது வரை வந்தார். அதற்கடுத்த வார்த்தையில் நின்றுவிட்டார். தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு மறுபடி பெயரிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றார்.

"சார், மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு வேணாம்" என்றார்.

அதிகாரி கோப்பை மூடினார். உடம்பு சரியானதும் வரட்டும் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் பாய் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "ரெண்டு நிமிஷம் மேடம். படிச்சுட்டு ஒரு கையெழுத்து. அதுக்காக எத்தனை வருஷமா பேப்பர் சேத்துட்டு இருக்கோம்."

நானும் அதைத்தான் நினைத்தேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குப் போய் பயப்படலாமாங்க? நாங்க வருஷம் பூரா சொல்றோம். சொல்லி முடிச்சதும் டீ குடிக்கப் போயிடுவோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்படிச் சொல்ல என்னால முடியாதுக்கா" என்றார்.

பிரிவுக்குத் திரும்பியபோது ஒருவர், "சொல்ல மனசில்லன்னா எதுக்கு நம்ம குடியுரிமை?" என்று கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதிகாரி என்னை அழைத்தார். "கோப்ப அப்படியே வெச்சிருக்கேன். நீங்க ஒரு வாட்டி பேசிப் பாருங்களேன். கட்டாயப்படுத்த வேணாம். என்ன சிக்கல்னு தெரிஞ்சா போதும்" என்றார். அடுத்த ஞாயிறு பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் செங்கம் சாலையில் கால் வைக்க முடியாது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

சாலையிலிருந்து உள்ளே போகிற சந்தில் மாடி வீடு. எலுமிச்சை பிழிந்த டீ கொடுத்தார். சுவரில் ஓர் ஓட்டு வீட்டின் புகைப்படம் மாட்டியிருந்தது. அவர் பிறந்த வீடு.

"அக்கா, அந்த வீடு இருக்கு. அந்த நாடு இல்ல" என்றார்.

அவர் பிறந்தபோது ஜெர்மனி இரண்டாக இருந்தது. அவருடையது கிழக்குப் பக்கம். பள்ளியில் சிறுவர் அணி ஒன்று இருந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீலத் துணி. கையைத் தலைக்கு மேல் உயர்த்தி நாட்டுக்கும் கட்சிக்கும் விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி சொல்ல வேண்டும். அதில் அவர் கெட்டிக்காரி. வகுப்பில் அவர் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள்.

"உங்கள மாதிரிதான்" என்றார். கேலியாக இல்லை, சாதாரணமாகச் சொன்னார்.

வகுப்பில் ஒரு பாதிரியார் மகள் இருந்தாள். அவள் அணியில் சேரவில்லை. எல்லாரும் நிற்கும்போது அவளும் நிற்பாள், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். முன்னால் நிற்பவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு நாள் ஆசிரியை, யார் சரியாகச் சொல்வதில்லை என்று எழுதித் தரச் சொன்னார். முன்னால் நின்றவள் பதினொரு வயதுப் பெண், அழகான கையெழுத்து. ஒரே ஒரு பெயரை எழுதிக் கொடுத்தாள்.

"எனக்கு அவ மேல கோபம்லாம் இல்லக்கா. கேட்டாங்க, எழுதினேன். நல்ல காரியம்னுதான் நெனச்சேன்." என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். "அவளுக்குப் பெரிய ஸ்கூல்ல இடம் கிடைக்கல. நல்லா படிக்கிற பொண்ணு. டாக்டராகணும்னு சொல்லிட்டே இருப்பா. ஒரு துணி மில்லுக்கு வேலைக்குப் போயிட்டா. அப்புறம் எனக்குப் பத்தொம்பது வயசுல அந்த நாடே போயிடுச்சு. நான் யாருக்கு விசுவாசமா இருப்பேன்னு சொன்னேனோ, அந்த ஆளுங்களே வேற சட்டையப் போட்டுக்கிட்டாங்க. அவளோட படிப்பு மட்டும் திரும்பி வரல."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். எனக்கு எங்கள் அலுவலகக் கையெழுத்துத் தாள் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் அதனால் படிப்பு போனதில்லை, வேலை போனதில்லை. அது வேறு, இது வேறு. ஆனாலும் உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த இடம் எனக்குப் பழக்கமான இடம்.

அதற்குள் பாய் கடையிலிருந்து வந்துவிட்டார். கதை அவருக்கும் அந்த வாரம்தான் தெரிந்திருக்கிறது. இவ்வளவு வருடம் ஒன்றாக வாழ்ந்தும் சொன்னதில்லையாம்.

நான் கொண்டுபோயிருந்த தாளை மூன்று பேரும் சேர்ந்து படித்தோம். நான்கு வரிதான். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டார். எங்கள் படிவத்தில் 'விசுவாசம்' என்று இருக்கிறது என்றேன்.

"விசுவாசம்னா நாய்க்குச் சொல்வீங்களே, அதுவா?"

பாய் சிரித்துவிட்டார். "நாய்க்கும் சொல்வோம். சர்ச்சுல சாமிக்கும் சொல்வாங்க. கடையில ரொம்ப நாள் இருக்கிற ஆளுக்கும் சொல்வோம்."

"பற்றுன்னும் சொல்லலாம்" என்றேன். "நாட்டுப்பற்று. பிடிச்சுக்கிறது."

"பிடிச்சுக்கிறதா, பிடிக்கிறதா?" என்று கேட்டார் ஜெர்மன்காரம்மா. முப்பது வருடத் தமிழ் அவருடையது. இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு நானே யோசித்தேன்.

யாருக்கு விசுவாசம் என்று அந்த வரியை மறுபடி படித்தோம். அதில் எந்தத் தலைவர் பெயரும் இல்லை, கட்சி இல்லை. அரசியலமைப்புச் சட்டத்துக்கு என்று இருந்தது. சட்டங்களை மதித்து நடப்பேன், குடிமகளின் கடமைகளைச் செய்வேன், அவ்வளவுதான். நான் எத்தனையோ பேருக்கு அந்தத் தாளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படி வரி வரியாகப் படித்தது அன்றுதான்.

"பாய், நீங்க இதைச் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"என்னை யாரும் சொல்லச் சொல்லலியே. நான் இங்கயே பொறந்தவன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா சில பேரு பாக்கிறதுலயே கேப்பாங்க மேடம். இப்ப கொஞ்சம் ஜாஸ்தி. கேட்டா சொல்லிட்டுப் போறேன், எனக்கு என்ன கஷ்டம்? என்னை மட்டும் ஏன் கேக்கறீங்கன்னுதான் மனசு ஒரு மாதிரி ஆயிடும்" என்றார். பிறகு எழுந்து போய் எனக்குப் பேரீச்சம்பழம் எடுத்து வந்தார்.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம், சொல்லத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் விசாவிலேயே இருக்கலாம், யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். "எனக்கு இங்க ஓட்டுப் போடணும்கா. இவரு பக்கத்துல என்னைப் புதைக்கணும். அதுக்கு முன்னாடி அந்தப் பாதிரியார் பொண்ணுக்கு ஒரு கடிதம் எழுதணும்" என்றார்.

அந்த வாரத்திலேயே கனடாவிலிருந்து என் மகள் பேசினாள். வேலைக்குப் போய் ஒன்பது வருடம். அங்கேயே திருமணம், அங்கேயே குழந்தை. குசலம் விசாரித்துவிட்டு, "அம்மா, எங்களுக்கு சிட்டிசன்ஷிப் வந்துடுச்சு. ரெண்டு மாசத்துல உறுதிமொழி எடுக்கணும்" என்றாள்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"ராஜாவுக்கு."

"எந்த ராஜாவுக்கு?"

"இங்கிலாந்து ராஜாதாம்மா. இங்கயும் அவருதான்."

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "வெள்ளைக்கார ராஜாவுக்கா? போகச் சொல்லி இத்தன வருஷம் ஆச்சு, இப்ப நம்ம பொண்ணு போய் சத்தியம் பண்ணப் போறாளா?" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, ரெண்டு நிமிஷம்தான். ஒரு ஃபார்மாலிட்டி" என்றாள் மகள்.

போனை வைத்த பிறகு நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே அழுதேன். மகள் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்று சுவாமியிடம் கேட்டவள் நான். ஒரு மாதத்துக்கு முன் ஓர் அம்மாவின் கையைப் பிடித்து, இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொன்னவளும் நான். பிறகு ஏன் இப்படி வலிக்கிறது? வெறும் வார்த்தை என்றால் வலிக்கக் கூடாது. வலிக்கிறது என்றால் வெறும் வார்த்தை இல்லை. யோசித்துப் பார்த்ததில், ஜெர்மன்காரம்மாவுக்கு ஜெர்மனியில் ஓர் அக்கா இருக்கிறாள் என்று கோப்பில் பார்த்தது ஞாபகம் வந்தது. அவளும் எங்கேயாவது காய் நறுக்கிக்கொண்டு நின்றிருப்பாள்.

ஒரு மாதம் கழித்து ஜெர்மன்காரம்மாவே போன் செய்து தேதி கேட்டார். வந்தபோது கைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினார். ஜெர்மன் மொழியில் ஒரே வரி. அந்தப் பாதிரியார் மகளைத் தன் அக்கா மூலம் தேடிப் பிடித்து நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கு வந்த பதில் அது.

"என்ன எழுதியிருக்காங்க?"

"எனக்கு ஞாபகம் இருக்கிறது."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா. அவ்வளவுதான்." போனை உள்ளே வைத்தார். "மன்னிச்சுட்டேன்னு எழுதுவான்னு நெனச்சேன். எழுதல. அது அவ இஷ்டம்."

அதன் பிறகும் அவர் உறுதிமொழி எடுக்க வந்திருந்தார். இந்த வார்த்தைகளுக்கு என்ன விலை என்று தெரிந்தே சொல்ல விரும்பினார் என்று நினைக்கிறேன்.

அதிகாரியின் அறையில் அதே இடத்தில் நின்றார். மிக மெதுவாகப் படித்தார். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையிலும் கண்ணை வைத்துப் படித்தார். முன்பு நின்ற இடம் வந்ததும் நின்றார். அதிகாரி தாளைப் பார்த்தபடி இருந்தார், நிமிரவில்லை. அப்போது நாற்காலியில் இருந்த பாய் எழுந்து நின்றார். அந்த அம்மா தொடர்ந்தார். பாயும் கூடவே, அரைகுறை ஆங்கிலத்தில், மனைவியின் குரலுக்கு அரை வார்த்தை பின்னால், அதே வரிகளைச் சொன்னார்.

முடிந்ததும் அதிகாரி, "நீங்க சொல்லத் தேவையில்லைங்க" என்றார்.

"தெரியும் சார். அது மட்டும் தனியா சொல்லுதேன்னு இருந்துச்சு" என்றார் பாய்.

அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். பிறகு கோப்பு சென்னைக்குப் போய், டெல்லிக்குப் போய், அவர் தன் பழைய குடியுரிமையை விட்டதற்கான தாள் வந்து, சான்றிதழ் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வாங்கிய அன்றே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ஆறாம் எண் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன்.

குடிமக்கள் உறுதிமொழி சொல்ல வேண்டுமா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் எனக்கு நேரான பதில் இல்லை. சொல்வதில் ஒரு நல்லது இருக்கிறது. பள்ளிக்கூட வரிசையில் நான் அதை அனுபவித்தவள். ஆனால் யார் சொல்லவில்லை என்று பார்க்கத் தொடங்கினால் அந்த நல்லது போய்விடுகிறது. இதை நான் கூட்டத்தில் எழுந்து பேசவில்லை. வராதவர்களைத் தேடிப் போவதை மட்டும் விட்டுவிட்டேன். கையெழுத்து குறைகிறதே என்று ஒரு தடவை கேட்டார்கள். வந்தவர்கள் போட்டிருக்கிறார்கள் என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஜெர்மன்காரம்மாவின் சான்றிதழ் வருவதற்கு வெகு முன்பே மகளின் உறுதிமொழி நாள் வந்துவிட்டது. அவர்களுக்கு அது வீடியோவிலேயே நடந்தது. அங்கே காலை, எங்களுக்குச் சாயங்காலம் விளக்கேற்றும் நேரம். இன்னொரு போனில் எங்களையும் இணைத்திருந்தாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் எத்தனையோ முகங்கள். எல்லாரும் வலது கையைத் தூக்கினார்கள். மகள் என் பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் நான்கு வயதுப் பேத்தி, ஏற்கெனவே அந்த நாட்டுப் பிரஜை, அவளும் கையைத் தூக்கிக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னாள். என் கணவர் ராஜாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடிந்ததும் மகள் எங்கள் பக்கம் திரும்பினாள். "அம்மா, கோவமா?"

"கோவம் இல்ல. நல்லா சொன்ன" என்றேன். "தப்பில்லாம சொன்ன."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"உன் இந்திய பாஸ்போர்ட்ட என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"குடுத்துடணும்மா. கேன்சல் பண்ணி, முத்திரை போட்டுத் திருப்பிக் குடுப்பாங்க."

"அத எங்கயும் போட்டுடாத. எனக்கு அனுப்பிவெச்சுடு."

"அதுல ஒண்ணும் இல்லயேம்மா, அத வெச்சு எங்கயும் போக முடியாது."

"பரவால்ல, அனுப்பு" என்றேன். "பீரோவுல வெச்சுக்கறேன்."